கொண்டதை விட்ட முதலை: பழைய கொள்ளிடக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய கொள்ளிடம் ஆற்றின் கரையில், சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஓர் ஊரில், முதலை ஒரு பெண்ணைக் கடித்துத் தானாகவே விட்டுவிட்ட நிகழ்வு இது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். முதலை, பாம்பு போன்றவை ஊருக்குள் வரும்போது வனத்துறையினருடன் களத்தில் நிற்கும் தன்னார்வக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். அந்த முறையில் தொடக்கத்திலிருந்தே இதில் எனக்குப் பங்கு உண்டு.

இந்த வட்டாரத்தில் இருப்பது நன்னீர் முதலை. சதுப்பு முதலை என்றும் சொல்வார்கள். ஏரி, குளம், மடு, மெல்ல ஓடும் ஆறு, வாய்க்கால் என்று ஆழம் குறைந்த நீர்நிலைகள்தான் அதற்கு வீடு. தோலுக்காகவும் முட்டைக்காகவும் வேட்டையாடப்பட்டு 1970களின் தொடக்கத்தில் இந்தியா முழுக்க அருகிப்போன விலங்கு இது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1975இல் மத்திய அரசு தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும், 1976இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையும் சேர்ந்துதான் அதை மீட்டன. இன்று கீழணை தொடங்கி கொள்ளிடம், பழைய கொள்ளிடம், அவற்றோடு தொடர்புள்ள வாய்க்கால்கள் என்று பரவலாக இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு முதலை புதிதல்ல. மணல் திட்டில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்.

காவிரி டெல்டாவில் தண்ணீருக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. இதில் முன்பின் ஆகலாம், ஆனால் தை முடிந்தால் வாய்க்காலில் ஓட்டம் நின்றுவிடும். மாசி, பங்குனியில் ஆழமான மடுக்களில் மட்டும் தண்ணீர் தங்கும். அதுவரை பல கிலோமீட்டருக்குப் பரவிக் கிடந்த முதலைகள் அந்த மடுக்களில் வந்து சேரும். ஆடுமாடுகளும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும், துணி துவைப்பவர்களும் அங்கேதான் வருவார்கள். இந்த ஊரின் படித்துறை அப்படி ஒரு மடுவின் மேலேயே இருக்கிறது. எதிர்க்கரையில் கோரையும் நாணலும் அடர்ந்த மண்மேடு. படித்துறைக்குச் சற்று மேலே ஒரு பழைய மதகு.

மாசியில் ஆரம்பித்தது

முதலில் போனது தெருநாய்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கிடாய்க்குட்டி, அடுத்து வளர்ந்த ஆடு ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில், மதகுக்கும் படித்துறைக்கும் நடுவே ஆடுகள் இறங்கும் சரிவில், சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் போயின. ஆட்டுக்காரப் பெரியவர் வனக்காப்பாளரிடம் சொன்னது இது: "சார், சத்தமே இல்லை. குனிஞ்ச ஆடு நிமிரலை. தண்ணி ஒரு தரம் பொரண்டுச்சு, அவ்வளவுதான்."

முதலை வேட்டையாடும் விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அது துரத்தும் விலங்கல்ல, காத்திருக்கும் விலங்கு. கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் மேல்பக்கத்தில் ஒரே மட்டத்தில் இருப்பதால், உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு பார்க்கவும் கேட்கவும் மூச்சு விடவும் முடியும். தொண்டையில் இருக்கும் ஒரு மடல் மூச்சுக்குழலுக்குள் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொள்வதால், நீருக்குள் வாயைத் திறந்து இரையைப் பிடிப்பதிலும் சிக்கல் இல்லை. தாடை ஓரங்களில் சிறு புள்ளிகளாகத் தெரிபவை அழுத்தத்தை உணரும் உறுப்புகள். முழு இருட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தால்கூட அந்தத் திசைக்கு, முதலையின் உறவினமான அலிகேட்டர்கள் திரும்புவதை ஆய்வாளர் டாப்னே சோரெஸ் 2002இல் காட்டினார். இரை கரையோரம் வந்து தலை குனியும்போது வால் ஒரே வீச்சில் உடம்பை முன்னே தள்ளும். குளிர் ரத்தப் பிராணி என்பதால் அதற்குத் தீனி அதிகம் வேண்டாம். நாள்கணக்கில் காத்திருப்பது அதற்கு ஒரு கஷ்டமே இல்லை.

இப்படிப்பட்ட விலங்குக்கு முக்கியமானது இடமும் நேரமும்தான். எந்த இடத்தில் எந்த நேரத்தில் இரை தவறாமல் வருகிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த ஊரில் ஆடுகள் தினமும் ஒரே சரிவில் இறங்கின, ஒரே நேரத்தில் இறங்கின. பக்கத்து மதகடியில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. கறிக்கோழிக் கழிவை மூட்டை மூட்டையாக இரவில் யாரோ கொண்டுவந்து கொட்டினார்கள். அதற்கு நாய்கள் வந்தன, நாய்களுக்காக முதலை வந்தது. அப்போது இந்தக் கழிவைப் பற்றிய புகார் நாற்றத்தைப் பற்றியதாக மட்டுமே ஊராட்சிக்குப் போயிருந்தது.

பங்குனியில் கடி

பங்குனி நடுவில் ஒரு காலைப்பொழுது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, எதிர்க்கரைக் கோரையோரம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வடியும் மாதங்களில் இந்தப் பக்கம் நிறையப் பேர் இப்படிப் பிடிப்பார்கள். இடுப்பில் ஒரு பறி, குனிந்த முதுகு, இரண்டு கையும் சேற்றுக்குள். அவருடைய இடது கெண்டைக்காலை ஏதோ கவ்வியது. அவர் அலறிக்கொண்டு விழுந்தார். உடனே அது விட்டுவிட்டது. அவராகவே தவழ்ந்து கரை ஏறிவிட்டார்.

கூட இருந்த நாத்தனார் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, 108க்குச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே காயத்தை நன்றாகக் கழுவி, உடனே தைத்து மூடாமல் திறந்தே வைத்து, டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துத்தான் தையல் போட்டார்கள். அது சரியான முடிவு. முதலையின் வாயிலும் குளத்து நீரிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் ஆழமான பல் துளைக்குள் போய்விடும். மேலே தைத்து மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும். எலும்பு தப்பியது. காலும் தப்பியது.

மறியல், பிடிப்பு

அன்று மத்தியானமே சாலை மறியல். "முதலையைப் பிடி" என்ற ஒரே கோரிக்கை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆடு போனபோது மனு கொடுத்தார்கள், பதில் வரவில்லை. இப்போது ஒரு ஆள். அடுத்தது குழந்தையாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே நின்ற யாரிடமும் பதில் இல்லை.

நன்னீர் முதலை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. மனித உயிருக்கு ஆபத்து என்று கருதும் நிலையிலும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியோடுதான் பிடிக்கலாம். அனுமதி வந்தது. மடுவின் குறுகிய முனையில் வலை கட்டி, ஏழடி நீளம் சுமாராக இருந்த ஒரு முதலையைப் பிடித்தார்கள். ஈரச் சாக்கைக் கண்மேல் போட்டதும் அது அடங்கியது. வாயை மூடும் தசைக்கு உள்ள பலம் திறக்கும் தசைக்கு இல்லை என்பதால் ஒரு கயிற்றுக்கட்டு போதுமானதாக இருந்தது. போராட்டம் நீண்டால் உடம்பில் லாக்டிக் அமிலம் சேர்ந்து முதலை செத்துப்போகவும் கூடும். அதனால் கூட்டம் படம் எடுக்க நேரம் கேட்டபோதும் வனவர் சம்மதிக்கவில்லை. நேராக வக்காரமாரி நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இந்த வட்டாரத்தில் பிடிபடும் முதலைகளை வழக்கமாக விடும் இடம் அதுதான்.

எங்கள் குழு இந்தப் பிடிப்பை எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தோம்: கடித்த முதலை இதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை, படித்துறையை அடைத்தே வைக்க வேண்டும். இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை. முதலை போய்விட்டது என்று மறுநாளே ஜனங்கள் தண்ணீரில் இறங்கினார்கள்.

பத்து நாள் போல இருக்கும். அதே சரிவில் அதே சாயங்கால நேரத்தில் இன்னொரு ஆடு போயிற்று.

கவனித்தவை

அதற்குப் பிறகுதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு மிகவும் உதவக்கூடிய பகுதி இது என்று நினைக்கிறேன்.

எங்களை யோசிக்க வைத்தது ஊர்க் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்ட கேள்வி. "முதலையும் மூர்க்கனும் கொண்டது விடாதுன்னு சொல்லுவாங்க. இது ஏம்ப்பா விட்டுடுச்சு?" கூட்டத்தில் சிலர் குலதெய்வம் காப்பாற்றியது என்றார்கள். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்டது உண்மையான கேள்வி. இரைக்காகக் கவ்விய முதலை இழுக்கும், உருளும், ஆழத்துக்குக் கொண்டுபோகும். ஆடுகள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. இங்கே ஒரே கடி, உடனே விடுதலை, பிறகு பின்தொடரவும் இல்லை. "கிட்டே வராதே" என்று விரட்டும் கடி அப்படித்தான் இருக்கும்.

கடிபட்ட அக்காவிடம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். கட்டைப் பிரித்து மருந்து போடும்போது பார்த்தோம். பல் துளைகள் அமைந்திருந்த வளைவு குறுகலாக இருந்தது. வளர்ந்த ஆட்டை அப்படியே இழுத்துப்போகும் பெரிய முதலையின் வாய் அல்ல அது. முக்கியமான ஒன்றை அவரே சொன்னார். கடிக்கு முன்னால் ஒரு சீறல் கேட்டதாம். பாம்பு என்று நினைத்து நகர்ந்தாராம், நகர்ந்த திசையும் கோரைப் பக்கம்தானாம். பதுங்கி வேட்டையாடும் விலங்கு இரையிடம் சீறாது.

அடுத்தது இரவுப் பார்வை. டார்ச் அடித்தால் முதலையின் கண் தணல் போலச் சிவப்பாக எரியும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அப்படித் தெரிகிறது. கரையிலிருந்து பார்த்தபோது மடுவில் குறைந்தது நான்கு முதலைகள் இருந்தன. பகலில் மணலில் படுத்திருந்தவற்றைத் தூரத்திலிருந்து படம் எடுத்து, தலை நீளத்தை வைத்து உடல் நீளத்தைக் கணக்கிட்டோம். உடல் ஏறத்தாழத் தலையைப் போல ஏழு மடங்கு இருக்கும். ஒன்று பத்தடிக்கு மேல், ஆண் என்று நம்பலாம். சாயங்காலம் ஆனால் அது மதகுப் பக்கம் நகர்ந்துவிடும். மற்றொன்று ஆறேழு அடி. எந்த நேரத்திலும் அது எதிர்க்கரைக் கோரையை விட்டு விலகவில்லை.

எதிர்க்கரை மேட்டில் விடை கிடைத்தது. ஈர மண்ணில் வயிறு உரசி ஏறி இறங்கிய தடம், நடுவே வால் கிழித்த கோடு, இரண்டு பக்கமும் கால் பதிவுகள். ஒரே தடத்தின் மேல் பலமுறை ஏறியதால் மண் மழுமழுவென்று இருந்தது. தடம் முடிந்த இடத்தில், பூவரச மரத்து நிழல் பாதி விழும் இடத்தில், தோண்டி மூடி அமுக்கிய மண். அதன்மேல் புல் இல்லை. நாங்கள் தோண்டிப் பார்க்கவில்லை. தடம் அத்தனை தெளிவாக இருந்தபோது தோண்டத் தேவையும் இல்லை. நன்னீர் முதலை மாசி, பங்குனி வாக்கில் கரையில் குழி தோண்டி இருபத்தைந்து, முப்பது முட்டை இடும். குஞ்சு வர இரண்டு மாதம், முன்பின் ஆகலாம். அதுவரை தாய் பக்கத்துத் தண்ணீரிலேயே கிடந்து காவல் காக்கும். அக்கா இறால் தடவிய இடம் அந்தக் குழிக்கு நேர் கீழே.

ஆக, ஊர் ஒரு முதலையைத் தேடிக்கொண்டிருந்தது, மடுவில் இருந்தவை இரண்டு வேறு சிக்கல்கள். ஒன்று ஆடு, நாய் வரும் வழியில் காத்திருந்த பெரிய ஆண். இன்னொன்று முட்டைக்குக் காவல் இருந்த தாய். வக்காரமாரிக்குப் போனது பெரும்பாலும் இந்த இரண்டில் எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஊராட்சித் தலைவர், வனச்சரகர், வி.ஏ.ஓ., நீர்வளத்துறை உதவிப் பொறியாளர், மகளிர் குழுவினர், ஆட்டுக்காரர்கள் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சு நீண்டது, சூடாகவும் இருந்தது.

முதல் கேள்வி, மீதி முதலைகளையும் பிடித்துவிடலாமா என்பது. வேண்டாம் என்று முடிவானது, ஆனால் அவ்வளவு சீக்கிரம் ஆகவில்லை. வனச்சரகர் சொன்ன காரணம் ஜனங்களுக்குப் புரிந்தது: கோடையில் வற்றாத மடு காலியாக இருக்காது, இருக்கும் முதலையைத் தூக்கினால் கீழே இருக்கிற வேறொன்று வந்து படுக்கும், வந்ததற்கு இந்தக் கரை பழக்கமில்லாமல் இருக்கும். பிடித்துத் தொலைவில் விட்டாலும் முதலைகள் திரும்பி வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உவர்நீர் முதலைகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விட்டுச் செயற்கைக்கோள் கருவியால் பின்தொடர்ந்தார்கள். ஒன்று நானூறு கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாக நீந்தித் தன் இடத்துக்கே வந்து சேர்ந்தது. நன்னீர் முதலையோ தரையிலும் வெகுதூரம் நடக்கும். இங்கிருந்து வக்காரமாரி ஒரு தூரமே இல்லை.

முட்டையை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைக்கலாமே என்று ஒரு இளைஞர் கேட்டார். நல்ல எண்ணத்தில் கேட்டார். இட்ட ஒரு நாளைக்குள் கரு முட்டையோட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். மண்ணின் சூடு ஒன்றிரண்டு டிகிரி மாறினால் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே மாறிவிடும். ஆகவே குழியைத் தொடவில்லை. குழிக்கு நேர் எதிரே தண்ணீரில் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டு, குஞ்சு வெளிவரும்வரை அந்தப் பக்கம் யாரும் இறங்குவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். கட்டுப்பாட்டைச் சொன்னது அதிகாரிகள் அல்ல, மகளிர் குழு. அதனால்தான் நின்றது என்பது என் கருத்து.

கையால் தடவி மீன், இறால் பிடிக்கும் குடும்பங்களுக்கு அது பொழுதுபோக்கல்ல, அன்றன்றைய கூலி. சும்மா தடை போட்டால் இருட்டில் போவார்கள், ஆபத்து இன்னும் கூடும். அவர்களோடு தனியாகப் பேசி, தெளிந்த தண்ணீர் உள்ள ஆழமில்லாத கீழ்மடுவில் மட்டும், வெயில் ஏறிய பிறகு, இரண்டு பேருக்குக் குறையாமல் போவது, கரையில் ஒருவர் நின்று பார்ப்பது என்று ஏற்பாடானது. சிலருக்கு வலை வாங்கிக் கொடுத்தோம். தடவுவதைவிட வலையில் குனிவது குறைவு.

படித்துறைக்குப் பதில் சொன்னது இலங்கை. மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையில் குளிக்கும் துறைகளைச் சுற்றிக் கம்பு, கம்பி நட்டு வேலி கட்டியிருக்கிறார்கள். கிம்புலா கொட்டுவ என்று சிங்களத்தில் சொல்வார்கள். முதலை வெளியே, ஆள் உள்ளே. அதேபோல இங்கே சவுக்குக் கழிகளைத் தண்ணீருக்குள் அரைவட்டமாக நட்டோம். கழிக்கும் கழிக்கும் இடையில் ஒரு சாணுக்கும் குறைவான சந்து, குறுக்கே இரண்டு வரிசைக் கட்டு, நீர்மட்டத்துக்கு மேலே இடுப்பு உயரம். படித்துறைக்கு இரண்டு பக்கமும் இருந்த கோரையை நூறு நாள் வேலையில் வெட்டி வெளிச்சமாக்கினார்கள். மறைவில்லாத கரையில் பதுங்குவது முதலைக்குக் கடினம்.

கோழிக் கழிவை நிறுத்துவதில்தான் இழுபறி. யார் கொட்டுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் எல்லோருக்கும் வேண்டியவர்கள். ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் பேர் சொல்லாமல், கடைக்காரர்களை வீட்டுக்கு அழைத்துப் பேசினார். மேட்டில் ஒரு குழி வெட்டிக் கொடுத்து, மண்ணும் சுண்ணாம்பும் போட்டு மூடுவது என்று முடிந்தது. மதகுக்கு ஒரு தெருவிளக்கும் வந்தது.

ஆடுகளுக்குக் கரைமேல் ஒரு சிமெண்டுத் தொட்டி. ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதற்குக் குழாய். ஆட்டுக்காரப் பெரியவர் முதலில் நம்பவில்லை. "ஆத்துத் தண்ணி குடிச்ச ஆடு தொட்டித் தண்ணி குடிக்குமா தம்பி?" என்றார். தொட்டியில் கொஞ்சம் தவிடு கலந்து மூன்று நாள் காட்டிய பிறகு ஆடுகள் தாமாகவே வந்தன.

பிறகு நடந்தது

வைகாசி கடைசியில் குஞ்சுகள் வந்தன. மண்ணுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் சத்தம் கேட்டதும் தாய் குழியைத் தோண்டி, வாயில் வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகும். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. காலையில் தோண்டிய குழியையும், உடைந்த ஓடுகளையும், அதைச் சுற்றி உடும்பின் தடத்தையும் பார்த்தோம். உடும்பு, கீரி, கொக்கு, பெரிய விரால் என்று முதலைக் குஞ்சைத் தின்ன ஒரு பட்டாளமே இருக்கிறது. பெரிதாக வளர்வது சிலதான். ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னபோது "முப்பது முதலை வந்துடுமே" என்ற பயம் பாதி குறைந்தது.

கயிறும் துணியும் ஆனி மாதம் அவிழ்க்கப்பட்டன. தாய் முதலை அதற்குள்ளாகவே இடம் மாறியிருந்தது.

பெரிய ஆண் முதலை சில வாரம் மதகடியிலேயே வந்து படுத்தது. நாய் ஒன்று போயிற்று. கழிவு நின்ற பிறகு நாய் கூட்டமும் குறைந்தது. மேட்டூர் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓடத் தொடங்கியதும் முதலை அங்கே தென்படுவது அரிதானது. தொட்டி வந்த பிறகு ஆடு எதுவும் போகவில்லை.

வேலி ஐப்பசி வரை நன்றாக நின்றது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தபோது ஆகாயத்தாமரையும் செத்தையும் கழிகளில் வந்து அடைத்து, தண்ணீரின் முழு பாரமும் வேலிமேல் ஏறியது. மேற்குப் பக்கக் கழிகள் சாய்ந்து, ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்தது. உள்ளே முதலை நுழைந்து வெளியேறத் தெரியாமல் மாட்டிக்கொண்டால், வேலி இல்லாததைவிட அது மோசம். அதை முதலில் கவனித்தது துவைக்க வந்த பெண்கள்தான். அன்றைக்கே அவர்கள் துறையை அடைத்து, குழாயடிக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு மேற்குப் பக்கத்தை ஓட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பி நட்டோம். செத்தை அடைக்காமல் வழுக்கிப் போகும். வெள்ளக் காலத்தில் உருவி எடுக்கும்படி அந்தப் பக்கக் கழிகளை இரும்புக் குழாய்க்குள் செருகி நிறுத்தினோம்.

கடிபட்ட அக்காவுக்குக் கால் ஆறிவிட்டது. நீண்ட நேரம் நின்றால் வலி இருக்கிறது. தடவி மீன் பிடிக்க இனிப் போவதில்லை என்று முடிவு செய்து, மகளிர் குழுக் கடனில் இரண்டு ஆடு வாங்கியிருக்கிறார். இழப்பீட்டு மனு வனத்துறை வழியாகப் போனது. மருத்துவச் சான்று, வி.ஏ.ஓ. சான்று, சம்பவ இடத்துப் படம் மூன்றும் முதல் வாரத்திலேயே எடுத்து வைத்திருந்ததால் இழுபறி இல்லாமல் பணம் வந்தது. ஆடு இழந்தவர்களில் இருவருக்கு ஆதாரம் இல்லாததால் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் ஊரில் இன்னும் இருக்கிறது, அது நியாயமானதும்கூட.

அடுத்த மாசியில் எதிர்க்கரை மேட்டில் மறுபடியும் தடம் கண்டார்கள். இந்த முறை வனக்காப்பாளருக்கு முதல் போன் போனது மகளிர் குழுவிலிருந்து. அன்று சாயங்காலமே கயிறு கட்டியாயிற்று. இதை எழுதும்வரை அந்த மடுவில் வேறு யாரும் கடிபடவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

நாய், ஆடு என்று போகும்போதே அதை முதல் தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும். இடம், நேரம், எப்படிப் போனது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். இந்த ஊரில் அந்த நோட்டு மாசியில் இருந்திருந்தால் சரிவும் சாயங்காலமும் அப்போதே தெரிந்திருக்கும். ஆடு இழந்தவர்களின் மனுவுக்கும் அது ஆதாரமாக இருந்திருக்கும். இப்போது ஊராட்சி அலுவலகத்தில் அந்த நோட்டு இருக்கிறது.

கடி நடந்த அன்றே கடிபட்டவரிடமோ கூட இருந்தவரிடமோ நான்கு கேள்வி கேட்க வேண்டும். முன்னால் சீறல் கேட்டதா, ஒரே கடியா, இழுத்ததா, தானாக விட்டதா. விரட்டும் கடியையும் இரைக்கான கடியையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி தெரியவில்லை. மறியல் நடக்கும் பரபரப்பில் இதைக் கேட்பது கடினம். ஆனால் 108 வண்டி வரும் இடைவெளியில் கேட்டுவிடலாம். இந்த நான்கு கேள்விகளையும் இப்போது வனக்காப்பாளர்களுக்கு ஒரு அட்டையில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பிடிப்பது என்று முடிவானால், எந்த முதலை என்று தெரிந்த பிறகே பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் துறை குறைந்தது இரண்டு வாரம் மூடியிருக்க வேண்டும். முதலையைக் கொண்டுபோனதும் வந்த நிம்மதியில்தான் அந்த ஆடு போயிற்று. அந்தச் சரிவில் அப்போது குழந்தைகளும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தை மாதம் வாய்க்கால் அடைக்கும்போதே, எந்த மடுவில் தண்ணீர் நிற்கும் என்று நீர்வளத்துறைக்குத் தெரியும். அந்தப் பட்டியல் வனத்துறைக்கும் ஊராட்சிகளுக்கும் அப்போதே போனால், முட்டைக் காலத்துக்கு முன்பே கரையைப் பார்த்து, கயிறு கட்டி, துறையை மாற்றிவிடலாம். இதைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பொறியாளர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார், எழுத்தில் இன்னும் வரவில்லை.

வேலியைவிட அவசரமானது வீட்டுக் குழாய். படித்துறைக்கு வரும் பெண்களிடம் பேசினால், பாதிப்பேர் ஆற்றுக்கு வருவது வீட்டில் துவைக்கத் தண்ணீர் போதாததால்தான். தெற்குத் தெருவுக்குக் குழாய் வந்த பிறகு அந்தத் தெருவிலிருந்து துறைக்கு வருபவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆற்றோரத்துக் கடைசித் தெருவுக்கு, கடிபட்ட அக்காவின் வீடும் இருக்கும் தெருவுக்கு, குழாய் இன்னும் போகவில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதை முதல் தீர்மானமாக வைக்க மகளிர் குழு கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது.